தறிச் சத்தத்துல கேக்கல

எங்க வீதியில யாரும் யாரையும் பாத்து மாட்டேன்னு சொன்னது கெடையாதுங்க. "தறிச் சத்தத்துல கேக்கல"ன்னு சொல்லுவோம், அவ்வளவுதான். மாமியா சுடுதண்ணி கேட்டாலும் அதேதான், புருசன் வாசல்ல நின்னு கூப்பிட்டாலும் அதேதான், கட்டிக்குடுத்த நாத்தனா சீர் கேட்டு வந்து நின்னாலும் அதேதான். பொய்யின்னு ஒரேடியா தள்ளவும் முடியாது, ஏன்னா வீதிக்கு ரெண்டு பக்கமும் தறிப்பட்டறை, பட்டறைக்கு இருவத்திநாலு தறி, ஒவ்வொரு தறியிலயும் நூல் சுமக்கற நாடா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போயி மோதி, மோதித் திரும்பி, திரும்பி மோதி, விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் அந்தச் சத்தத்துலயே நாங்க சோறு பொங்கி, சண்டை போட்டு, புள்ளை பெத்தோம். எங்க வீதிக் கொழந்தைங்க அந்தச் சத்தத்துலதான் தூங்கும், கரண்டு போயி தறி நின்னாத்தான் வீல்னு கத்தி எந்திரிக்கும். நாங்க பேசறது பாதி ஒதட்டுல, பாதி கையில. கேக்கறதுன்னா காதுல விழுகறதும் அதுதான், வாயத் தொறந்து ஒருத்தர ஒண்ணு விசாரிக்கறதும் அதுதான். எங்க வீதியில ரெண்டுக்கும் வழியில்ல.

நான் பாவாயி. சென்னியப்பன் மொதலாளி பட்டறையில ஜன்னலோரம் இருக்கற நாலு தறி என்னுது, அதுக்கு உள்பக்கத்து நாலு தறி மரகதக்காவோடது, இருவத்தியொரு வருசமா அப்பிடித்தான். மரகதக்கா வீடு பட்டறைச் செவுத்தோட ஒட்டுனாப்புல இருக்கும், என் தறி ஜன்னலுக்கு நேரா அவிங்க வீட்டு முன் ரூமு ஜன்னல், நடுவுல ஒரு சந்து, ஒரு எரும நொழையற அகலம். புருசன் காலமாயி பதினாறு வருசம், ஒரே பையன் லோகேசு, இருவத்திமூணு வயசு, நூல் மில்லுல மெயின்டனன்ஸ் வேலை, மதியம் ரெண்டு மணிக்கு ஷிப்டுக்குப் போவான். அவன் மாமன் வீட்டுக் கொல்லையில கோழி அடஞ்சுக்கிட்டிருந்த எண்பத்தெட்டாம் வருசத்து மோட்டார் சைக்கிள ஒரு நாள் தள்ளிக்கிட்டு வந்து முன் ரூமுல நிறுத்துனான், ஒரே வாரத்துல ஆணி ஆணியாக் கழட்டி பிஸ்கட் டப்பாவுல போட்டு, டப்பா மேல எழுதி ஒட்டி, ரூமு நெறைய பரப்பி வெச்சுட்டான், அன்னிக்கு இருந்து அக்காளுக்குப் படுக்கை சமையக்கட்டுல.

"கஃபே ரேசர் பண்றேம்மா"ன்னு சொன்னான். அப்பிடின்னா என்னடா சாமின்னு அக்கா கேட்டதுக்கு, வெளிநாட்டுல ஒரு காலத்துல பசங்க டீக்கடையில இருந்து டீக்கடைக்கு ரேஸ் உடுவாங்களாம், அதுக்குன்னு வண்டியோட எடையக் கொறச்சு, கைப்பிடியத் தாழ்த்தி, பின் சீட்ட அறுத்துப் போட்டு, ஒருத்தன் மட்டும் குனிஞ்சு உக்கார்ற மாதிரி செய்வாங்களாம்னு சொல்லியிருக்கான். "டீ குடிக்க இத்தன அவசரமாடா?"ன்னு அக்கா கேட்டுது, அன்னிக்கு இருந்து வீதி முழுக்க அதுக்கு டீக்கடை வண்டின்னே பேராயிருச்சு.

அவனுக்கு ஒரு பழக்கம். ஒத்தைக் கையில முடியாத வேலைன்னு வந்தா, "அம்மா, வந்து புடிம்மா"ன்னு கூப்புடுவான். ஜன்னல்கிட்ட இருக்கறதுனால எனக்குத்தான் அரைகொறையாக் கேக்கும், நான் அக்காளுக்குச் சாடை காட்டுவேன், அக்கா ரெண்டு வெரல கண்ணுல வெச்சு அதோட நாலு தறியக் காட்டும். பாத்துக்கன்னு அர்த்தம். எங்க தொழில்ல ஒருத்தி வெளிய போனா பக்கத்துத் தறிக்காரி அவளோடதையும் சேத்துப் பாக்கோணும், எட்டுத் தறிக்கும் இழை அறுந்துதான்னு பாத்து, நாடாவுக்கு நூல் மாத்தி, இங்கயும் அங்கயும் ஓடோணும். ஒரு நாளைக்கு ஒரு தடவ ரெண்டு தடவன்னாப் பரவால்ல. டீக்கடை வண்டி வந்த பொறகு நாளைக்கு ஏழு தடவ எட்டுத் தடவ ஆச்சு.

ஒரு செவ்வாக்கெழம பதினொரு மணி வாக்குல, வண்டியில பின் சீட்டத் தாங்கற வால் எலும்ப அறுக்கறதுக்கு லோகேசு கட்டிங் மிசின எடுத்திருக்கான். மிசினுக்கு மேல ஒரு மூடி இருக்கும், கைக்கு எடஞ்சலா இருக்குதுன்னு எல்லாரும் கழட்டிருவாங்க, அவனும் கழட்டியிருக்கான். சுத்தற சக்கரம் ஒடஞ்சு தொடையில ஏறிருச்சு. அக்கா ஒரு மணிக்குச் சோறு திங்கப் போனப்பத்தான் பாத்துது. கால்மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தாப் பொழச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு. அதை அவரு சொல்லாம இருந்திருக்கலாம்.

அக்கா அழுகல. பதினாறாம் நாள் காரியம் முடிச்சு, பதினேழாம் நாள் தறிக்கு வந்துது, வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுது. "கூப்ட்டானா?" பட்டறையில எல்லாரும் கையை விரிச்சாங்க, வீதியில எல்லாரும் தலைய ஆட்டுனாங்க, "தறிச் சத்தத்துல கேக்கலக்கா." என்கிட்டயும் வந்துது. "கேக்கலக்கா"ன்னு நானும் சொன்னேன்.

நான் சொன்னது பொய்ங்க. இப்பவே சொல்லிடறேன், கடைசியில சொன்னா கதைக்காக மறச்ச மாதிரி ஆயிரும். எனக்குக் கேட்டுச்சு. அம்மான்னு ஒரு தடவ, கொஞ்ச நேரம் கழிச்சு அம்மான்னு இன்னொரு தடவ. வந்து புடிம்மாங்கறது அதுல இல்ல, ஆனா இருக்கறதா நானே நெனச்சுக்கிட்டேன். அன்னிக்குக் காலையிலயே ரெண்டு தடவ அக்காளோட தறியப் பாத்தாச்சு, என்னோட ரெண்டாம் தறியில இழை அறுந்து கெடக்குது, மூணாவது தடவயும் எட்டுத் தறிக்கு ஓட என்னால ஆகாது, கொஞ்சம் பொறுத்தா ஒண்ணும் கெட்டுப் போயராது, அப்பிடின்னு நெனச்சு குனிஞ்சு இழைய முடி போட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணுனது. இழைக்கு முடி போட்டேன்.

அதுக்குப் பொறகு எனக்கு எதுலயும் ஒணர்ச்சியே இல்லாமப் போச்சு. காப்பி சுட்டாத் தெரியல, மருமக பேசுனா கோவம் வரல, மக பிரசவிச்சு பேரன் பொறந்தான்னாங்க, போயிப் பாத்துட்டு வந்தேன். மரத்துப் போச்சுங்க. அக்காளும் அப்பிடித்தான். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பேரும் எட்டுத் தறியும் ஓட்டுனோம், துணி பாட்டுக்குச் சுருண்டுக்கிட்டிருந்துது.

மூணாம் மாசம் ஒரு ஞாயித்துக்கெழம அக்கா டப்பாவுகளத் தொறந்துது. லோகேசு ஒரு நோட்டுல எல்லாத்தையும் வரஞ்சு வெச்சிருந்தான், அவன் போன்ல வெள்ளக்காரன் ஒருத்தன் வண்டி கழட்டி மாட்டற வீடியோ இருந்துது, பாசை புரியலன்னாலும் கை புரிஞ்சுது அக்காளுக்கு. நாங்க கைய வெச்சுப் பேசறவங்கதானுங்களே. பாதி அறுத்த வால் எலும்ப சைக்கிள்ல கட்டிக்கிட்டு முக்குல வெல்டிங் பட்டறை வெச்சிருக்கற குப்புராசுகிட்டப் போயி, மீதியையும் அறுத்து வளைவு வெச்சுக் குடுன்னு நின்னுது, அவன் முடியாதுங்கன்னு சொல்ல வாயெடுத்து, தறிச் சத்தத்துல கேக்கலன்னு சொல்லிப் பாத்து, அக்கா நின்ன எடத்துலயே நிக்கறதப் பாத்து, அறுத்துக் குடுத்துட்டான். வயரு மாட்டறது அக்காளுக்கு ஒரு வேலையே இல்ல, சாயம் பாத்து இழை சேக்கற கை, செகப்புக்குச் செகப்பு, பச்சைக்குப் பச்சை, ஒரு முடிச்சு பிசகல. துருவத் தேச்சுது, டேங்க்குக்கு அடுப்புக்கரி நெறத்துல பெயின்ட் அடிச்சுது, கைப்பிடியத் தாழ்த்துச்சு, முன்னாடி ஒத்த உருண்டை லைட்ட மாட்டுச்சு. சீட்டுக்கு நாங்க நெய்யற கெட்டித் துணிய நாலு மடிப்பா மடிச்சுத் தெச்சுது. "பின்னால யாரும் உக்கார முடியாதேக்கா"ன்னு ஒரு நாள் கேட்டேன். "அவன் நோட்டுல அப்பிடித்தான் போட்டிருக்கான்"னு சொல்லீட்டு ஊசியில நூலக் கோத்துது.

கடைசி வேலை சைலன்சர். லோகேசு அதுக்குன்னு ஒரு நீளக் கொழாய் செஞ்சு வெச்சிருந்தான், உள்ள ஒண்ணும் திணிக்கல. வீடியோவுல வெள்ளக்காரன் வெள்ளையா எதையோ பிச்சுப் பிச்சு உள்ள திணிச்சான், அது சூடு தாங்கற கண்ணாடிப் பஞ்சாம், அக்காளுக்கு எப்பிடித் தெரியும், பஞ்சுன்னா பஞ்சுதான எங்களுக்கு. தறிக்கடியில சேர்ற வேஸ்ட்டு நூலக் கூட்டி அள்ளி, ஒரு சாக்கு நெறையக் கொண்டுபோயி, கொழாய்க்குள்ள குச்சி வெச்சுக் குத்திக் குத்தித் திணிச்சு மூடீருச்சு. அந்த வேஸ்ட்டு பாதி என் தறிக்கடியில இருந்து கூட்டுனது. "ரெண்டு நிமிசத்துல தீப்புடிச்சுக்குமுங்க"ன்னான் குப்புராசு. "அதுவுமில்லாம இந்த மாதிரி வண்டிக்குச் சைலன்சர்னு பேருதானே தவிர, ஊரையே தூக்கற மாதிரி கத்தும், அதுக்குத்தான் பசங்க அதை மாட்டறதே." அக்கா கேட்டுக்கிட்டுது.

ஆவணி மாசம் ஒரு பொதங்கெழம, பதினொரு மணிக்கு, வண்டிய வாசல்ல நிறுத்தி கிக்கர மிதிச்சுது. நாலாவது மிதிக்கு வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஆச்சுன்னு டேங்க்கு மேல கை வெச்சவங்களுக்குத்தான் தெரிஞ்சுது, ஏன்னா வண்டி கத்தல, அதோட தறியும் கத்தல, வீதியில எந்த மிசினும் கத்தல. கரண்டு போச்சுன்னு நெனச்சு நிமுந்து பாத்தா லைட்டு எரியுது, இருவத்திநாலு தறியும் ஓடுது, நாடா போகுது வருது, துணி சுருளுது, ஆனா ஒரு துளி சத்தம் இல்ல. காக்கா கத்தறது கேக்குது, கொழாயில தண்ணி சொட்டறது கேக்குது, அவங்கவங்க வளையல் அவங்கவங்களுக்குக் கேக்குது. மனுசக் கொரல் மட்டும் அப்பிடியே இருந்துது, அதுவும் தறிச் சத்தத்துக்கு மேல போறதுக்குன்னு நாப்பது வருசமாக் கத்திப் பழகுன கொரலு. வீதியில இருந்த பதினோரு கைக்கொழந்தைங்களும் ஒண்ணா எந்திரிச்சு அழுதுதுங்க. எங்க பட்டறையில பூங்கொடின்னு ஒருத்தி தெனமும் மொதலாளிய வாய்க்குள்ள வையறது வழக்கம், சத்தத்துக்குள்ளதானேன்னு நல்லா ராகம் போட்டே வைவா, அன்னிக்கு அவரு வாசப்படியில நிக்கறப்ப "கஞ்சப் பிசுநாறி"ங்கறது முழுசா அவரு மூஞ்சியில போயி விழுந்துது. எல்லாரும் அவரப் பாத்தோம். "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல"ன்னு சொல்லீட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டாரு.

அக்கா சாவியத் திருப்புச்சு, சத்தம் வந்துது. மறுபடி மிதிச்சுது, போச்சு. இத்தனதான் விசயம். தீப்புடிக்கல. ஏன் அப்பிடின்னு கேக்கறதுக்கு ரெண்டு நாள் ஆளுக வந்தாங்க, மாரியாத்தா செயல்னு ஒருத்தரு லைட்டுக்குத் திருநீறு பூசுனாரு, ஒருத்தி கைப்பிடியில எலுமிச்சம்பழம் கட்டுனா, கரண்டு ஆபீசுல இருந்து வந்தவரு மீட்டரப் பாத்துட்டு யூனிட்டு சரியாத்தான் ஓடுதுன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. மூணாம் நாள்ல இருந்து காரணம் யாருக்கும் வேண்டியிருக்கல, அதை வெச்சுக்கிட்டு எப்பிடிப் பொழைக்கறதுங்கறதுதான் பேச்சா இருந்துது. சத்தத்த வெச்சுத்தான் நாங்க தறியோட கோளாறக் கண்டுபுடிப்போம், சத்தம் இல்லீன்னா இழை அறுந்தது தெரியாம மொழக் கணக்குல துணி ஓட்டையாப் போகுது. மொதலாளி மொதல்ல வண்டியே ஆகாதுன்னாரு. அப்பறம் அவரு மகளப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, பேச்சு காதுல விழுகோணுமேன்னு அவரே ஆள் உட்டு வண்டிய மிதிக்கச் சொன்னாரு. மாப்பிள்ளையோட சொட்டை மண்டையப் பத்தி பட்டறைக்குள்ள நாங்க பேசுனதும் சேந்து கேட்டுச்சு, ஆனாலும் கல்யாணம் முடிவாயிருச்சு. கடைசியில தெனமும் பதினொண்ணுல இருந்து பதினொண்ணரை வரைக்கும்னு வீதியே பேசி வெச்சுது. அந்த நேரத்துக்கு போன் பேசறவங்க பேசுவாங்க, பரிச்சைக்குப் படிக்கறவங்க படிப்பாங்க, கொழந்தைங்களுக்குத் தூக்கம் கலையாம இருக்க ஆத்தாகாரிங்க வாயாலயே தடக்குத் தடக்குன்னு தறி ஓட்டுவாங்க.

ஆனா சங்கடம் வேற பக்கமா வந்துது. புருசன் பொண்டாட்டி ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்கு முழுசாக் கேட்டுச்சு. முப்பது வருசமா ஒதட்டப் பாத்து சரி சரின்னு தலையாட்டுன ஒருத்தி, எதுக்குத் தலையாட்டுனோம்னு தெரிஞ்சு பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. கேக்கலன்னு சொல்றதுக்கு வழியில்லாம ஆளாளுக்கு முழிச்சுக்கிட்டு நின்னோம். ஒரு மாசத்துக்குள்ள யாரும் பஞ்சாயத்து வெக்காமயே ஒரு கட்டு உண்டாச்சு: டீக்கடை வண்டி ஓடறப்ப யாரும் யாரையும் எதுவும் கேக்கக் கூடாது. வெயில் எப்பிடி, கொழம்பு என்ன, அது வரைக்கும்தான். மத்ததெல்லாம் பதினொண்ணரைக்கு மேல, சத்தத்துக்குள்ள. அதுக்குப் பொறகு வீதி பழையபடி நிம்மதியாயிருச்சு.

நான் அந்த அரைமணி நேரமும் கக்கூசுக்குப் போயி உக்காந்துக்குவேன். எனக்குப் பயமுங்க. அக்கா எதுக்கு அந்த வண்டிய முடிச்சுதுன்னு வேற யாருக்கும் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்.

லோகேசு போயி வருசம் திரும்பறதுக்கு நாலு நாள் முன்னாடி, பதினொரு மணிக்கு வண்டிய மிதிச்சுட்டு, அக்கா நேரா பட்டறைக்கு வந்துது, நான் எந்திரிக்கறதுக்குள்ள என் தறிகிட்ட வந்து நின்னுது. "பாவாயி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. எங்கூட்டு முன் ரூமுக்குப் போயி, அவன் கெடந்த எடத்துல உக்காந்து, அம்மான்னு ஒரு தடவ கூப்புடு."

"அக்கா, வேண்டாக்கா."

"கத்தாத. அவன் கத்தியிருக்க மாட்டான், தெம்பு இருந்திருக்காது. சாதாரணமாக் கூப்புடு."

போனேன். சிமிட்டித் தரையில அந்தக் கறை தேச்சும் போகல, அதுகிட்ட உக்காந்தேன். அம்பத்திரண்டு வயசுல, பேரன் எடுத்தவ, யாருமில்லாத ரூமுல உக்காந்து அம்மான்னு கூப்பிட்டேன். திரும்பி வந்தப்ப அக்கா என் தறிகிட்ட இல்ல, அதோட தறிகிட்ட, உள்பக்கம் நின்னுக்கிட்டிருந்துது.

"எனக்கு இங்க கேட்டுச்சு"ன்னுது. மூஞ்சியில ஒண்ணுமில்ல. நானும் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. "சத்தம் இருந்தா எனக்குக் கேட்டிருக்காது, அது நெசந்தான். ஆனா உன்னுது ஜன்னலு. வந்து புடிம்மான்னு அவன் கூப்புட்டா நீதான எனக்குச் சாடை காட்டுவ."

பூங்கொடி அவ தறியில கைய வெச்சுக்கிட்டு எங்களையே பாத்தா. பட்டறையில எல்லாருக்கும் எல்லாம் கேட்டுச்சு. வீதிக் கட்ட அக்கா ஒடைக்கப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது, ஆனா யாரும் குறுக்க வரல.

"பாவாயி, உனக்குக் கேட்டுச்சா?"

கேக்கலன்னு ஒரு சொல்லுதானுங்க. நாக்கு நுனியில இருந்துது. அதைச் சொன்னா நாயம்தான், வீதியே அதைத்தான் சொல்லும், ஆனா அதுக்கு முட்டுக் குடுக்கறதுக்குத் தறிச் சத்தம் இல்ல, நாடா சும்மா போயிச் சும்மா வந்துக்கிட்டிருந்துது, என் மூச்சு எனக்கே கேட்டுச்சு.

"கேட்டுச்சுக்கா."

அக்கா தலைய ஆட்டுச்சு. வெளிய போயி வண்டியோட சாவியத் திருப்புச்சு. இருவத்திநாலு தறியோட சத்தமும் ஒண்ணா வந்து காதுல விழுந்துது, பதினொண்ணே கால்தான் ஆகியிருந்துது, அரைமணி இன்னும் ஆகல. அக்கா திரும்பி வந்து எனக்கு எதுத்தாப்புல நின்னு ஒதட்ட அசைச்சுது. எத்தன தடவ?

நான் ரெண்டு வெரலக் காட்டுனேன்.

அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன். வஞ்சிருந்தா காலுல விழுந்திருப்பேன், அதுக்கு மனசுல இடம் பண்ணி வெச்சிருந்தேன். அக்கா என் ரெண்டு வெரலையும் கொஞ்ச நேரம் பாத்துது. பொறகு அதோட ரெண்டு வெரல எடுத்து கண்ணுல வெச்சு, அதோட நாலு தறியயும் எனக்குக் காட்டுச்சு. காட்டீட்டு வீட்டுக்குப் போயிருச்சு.

பொழுது சாயற வரைக்கும் எட்டுத் தறியும் பாத்தேன். எட்டுக்கும் இழை சேத்தேன், எட்டுக்கும் நாடா மாத்துனேன், சோறு திங்கப் போகல, ஒரு முழம் துணி ஓட்டையாப் போகல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அந்தச் சிமிட்டித் தரையில உக்காந்து அக்கா அழுதுதா, கத்துச்சா, என் பேரச் சொல்லி ஏதாச்சும் வஞ்சுதா, ஜன்னல்கிட்ட காத வெச்சு வெச்சுப் பாத்தேன். தறிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல.